அக்குள் மஞ்சக் கறை, டியோ தடம், வியர்வை உப்பு: துணியக் காப்பாத்தற வழி

சித்திரை பொறந்துட்டா நம்ம ஊர்ல வியர்வையப் பத்தி யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்ல, அதுவும் சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடின்னு கடலோரமா இருக்கறவங்களுக்கு காத்துலயே ஈரம் ஜாஸ்தி, அதனால வர்ற வியர்வை காயாம அப்படியே துணிக்குள்ள இறங்கிடும். அயர்ன் பண்ண சட்டையப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள முதுகு நனைஞ்சிடும். நனைஞ்சா காய்ஞ்சிடும், அது பரவால்ல. ஆனா கொஞ்ச நாள் போனதும் அக்குள் பக்கம் மஞ்சளா, மொறமொறன்னு ஒரு கறை வந்து உக்காரும் பாருங்க, அதான் பிரச்சனை. போர்டுல எழுத கையத் தூக்கற டீச்சர், வெள்ளை யூனிஃபார்ம்ல நாள் முழுக்க நிக்கற நர்ஸ், கறுப்பு கோட்டுக்குள்ள வெள்ளைச் சட்டை போட்டே ஆகணும்ங்கற வக்கீலுங்க, இன்டர்வியூக்குன்னு ஒரே ஒரு நல்ல சட்டை எடுத்து வச்சிருக்கற பசங்க, இவங்களுக்கெல்லாம் இது சின்ன விஷயமே கிடையாது. சட்டை நல்லா இருக்கும், காலர் நல்லா இருக்கும், அக்குள் ஒண்ணால அத வீட்ல போடறதுக்குன்னு ஒதுக்கி வச்சிடுவாங்க.

அப்படி ஒதுக்கி வச்ச துணில நிறைய துணிய திரும்ப வெளிய போடற மாதிரி கொண்டு வந்துடலாம். பெரிய செலவும் இல்ல, மளிகைக் கடைலயும் மெடிக்கல் ஷாப்லயும் கிடைக்கற சாமான் தான். ஆனா எத முதல்ல போடறோம், எத அப்புறம் போடறோம்ங்கறதுல தான் முழு விஷயமும் இருக்கு, வரிசை மாறிடுச்சுன்னா கறை இன்னும் கெட்டியாகிடும். அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன்.

முதல்ல என்ன கறைன்னு பாருங்க

துணிய உள்பக்கம் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, விரலால தொட்டும் பாருங்க. மஞ்சளா இருந்து, துணி அந்த இடத்துல மட்டும் விறைப்பா, மெழுகுத்தனமா இருந்தா அது ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டும் (வியர்வையக் குறைக்க அக்குள்ல போடறது) வியர்வையும் சேர்ந்த கறை. மஞ்சளா இருக்கு ஆனா துணி மெத்துன்னு தான் இருக்குன்னா பழைய வியர்வையும் உடம்பு எண்ணெயும், இது காலர்ல வர்ற அழுக்கோட சொந்தம், சீக்கிரம் போயிடும். கருப்பு, நேவி ப்ளூ துணில முதுகுப் பக்கம் வளைவு வளைவா வெள்ளைக் கோடு வந்திருந்தா அது வெறும் உப்பு, வியர்வைத் தண்ணி காய்ஞ்சு உப்பு மட்டும் மிஞ்சியிருக்கு, வெறும் தண்ணில ரெண்டு அலசு அலசினாலே போதும், சோப்பு கூட வேணாம். கருப்பு டீஷர்ட் போடும்போது பக்கவாட்டுல வெள்ளையா பவுடர் ஈஷிக்கிட்டா அது ஈரம் காயாத டியோ தடம், அதுக்கும் கீழ தனியா சொல்றேன்.

இன்னொண்ணு, அக்குள் மட்டும் இல்லாம சட்டை முழுக்கவே மஞ்சள் பூத்திருந்தா அதுக்கு வியர்வைய குத்தம் சொல்லாதீங்க. போர் தண்ணில இரும்புச் சத்து இருந்தா வெள்ளைத் துணி முழுசா பழுப்படிக்கும், பக்கெட்டோட உள்பக்கத்துலயும் அதே பழுப்பு ஒட்டியிருக்கும். அதுக்கு வேற வைத்தியம், இங்க சொல்ற எல்லாத்தையும் அதுக்குப் போட்டு நேரத்த வீணாக்க வேணாம்.

ஏன் துவைக்கத் துவைக்க மஞ்சளாகுது

வியர்வைக்குன்னு நிறமே கிடையாது. உடம்பு முழுக்க வர்ற வியர்வை பெரும்பாலும் தண்ணியும் உப்பும் தான். அக்குள் மாதிரி சில இடத்துல மட்டும் வேற மாதிரி சுரப்பியும் சேர்ந்து இருக்கு, அதுல இருந்து புரதமும் கொழுப்பும் கலந்து வரும், தோல் மேல இருக்கற பாக்டீரியா அத உடைக்கும்போது தான் நாத்தம் வருது. டியோடரன்ட்டுங்கறது அந்த நாத்தத்துக்கு மட்டும், வாசனையும் பாக்டீரியாவக் குறைக்கற சமாச்சாரமும் இருக்கும். ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வேற, அது வியர்வையவே குறைக்கும், அதுக்கு அதுல அலுமினிய உப்பு போட்டிருப்பாங்க, அது வியர்வைல கரைஞ்சு சுரப்பியோட வாய்ல ஜெல் மாதிரி அடைச்சுக்கும். உங்ககிட்ட இருக்கறது எதுன்னு தெரியணும்னா பாட்டில் பின்னாடி சேர்மானத்தப் படிங்க, அலுமினியம்னு ஆரம்பிக்கற பேர் ஏதாவது இருந்தா அது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். நிறைய ரோல்-ஆன்ல இருக்கும், ஸ்ப்ரேல சிலதுல இருக்கும் சிலதுல இருக்காது.

இந்த அலுமினிய உப்பு அமிலத் தன்மை உள்ளது. நம்ம துணி சோப்பு, வாஷிங் பவுடர் எல்லாம் அதுக்கு நேர் எதிரா காரத் தன்மை உள்ளது. அலுமினியம் ஒட்டியிருக்கற துணில நேரா சோப்பப் போட்டுத் தேய்ச்சா ரெண்டும் சேர்ந்து தண்ணில கரையாத ஒண்ணா மாறி நூலுக்குள்ளயே தங்கிடும். பார் சோப்புல இருக்கற கொழுப்போட சேர்ந்தாலும் அதே கதை தான், அலுமினியம் கலந்த ஒரு பசை உருவாகும், அது தண்ணிக்கு அசையாது. அதுமேல அடுத்த நாள் வியர்வை, அதுமேல அடுத்த சோப்பு. வீட்டுச் சுவருக்கு வருஷா வருஷம் சுரண்டாம சுண்ணாம்பு அடிச்சா பொறை பொறையா ஏறுமே, அப்படி ஏறிக்கிட்டே போகும். உப்புத் தண்ணி ஏரியாவா இருந்தா இன்னும் மோசம், அந்தத் தண்ணில இருக்கற கால்சியமும் சோப்போட சேர்ந்து தன் பங்குக்கு ஒரு பொறை போடும்.

அதனால தான் பிரஷ் போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் போறதில்ல, நூல் தான் பிய்யும். கறை மூணு அடுக்கா இருக்கு: அலுமினியப் பொறை, எண்ணெய், அப்புறம் அந்த மஞ்ச நிறம். அலுமினியத்தக் கரைக்க புளிப்பு வேணும், எண்ணெய எடுக்க பாத்திரம் கழுவற லிக்விட் வேணும், நிறத்த எடுக்க ஆக்சிஜன் ப்ளீச் வேணும். இந்த வரிசைலயே போகணும்.

வெள்ளைக் காட்டன் சட்டை, பனியன், யூனிஃபார்ம்

துணிய உள்பக்கம் திருப்பி, குழாயத் திறந்து அக்குள் இடத்துல சாதாத் தண்ணி ஓட விடுங்க, உள்பக்கத்துல இருந்து வெளிய போற மாதிரி. சாதாத் தண்ணி தான், சுடுதண்ணி வேணாம். அழுக்கு சுடுதண்ணில நல்லாப் போகும்னு நினைப்போம், எண்ணெய்க்கு அது சரி, ஆனா வியர்வைல புரதம் இருக்கு, நேரா கொதிக்கற தண்ணிய ஊத்தினா புரதம் இறுகி நூலோட பிடிச்சுக்கும். முட்டை சிந்தின துணிக்கும் ரத்தக் கறைக்கும் பச்சத் தண்ணிதான்னு வீட்ல பெரியவங்க சொல்வாங்கல்ல, இங்கயும் அதே நியாயம்.

அடுத்தது புளிப்பு. வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிக்குச் சரி ஒரு கிண்ணத்துல கலந்து, அக்குள் பாகம் மட்டும் முழுகற மாதிரி போட்டு அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் விடுங்க. சட்டை முழுசா ஊற வேண்டிய அவசியமே இல்ல. வினிகர் வாசனை பிடிக்கலன்னா சிட்ரிக் ஆசிட் தூள் வாங்குங்க, மளிகைக் கடைல சின்னப் பாக்கெட்டா கிடைக்கும், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு ஒரு டேபிள் ஸ்பூன் போதும். எனக்கு வினிகர விட இதுதான் பிடிக்கும், வாசனையும் இல்ல, அலுமினியத்தப் பிடிச்சு இழுக்கறதுலயும் கெட்டி. எலுமிச்சம்பழம் தான் இருக்குன்னா அதுவும் ஓகே, சாற வடிகட்டிட்டுப் போடுங்க. ஆப்பிள் சைடர் வினிகர் மாதிரி நிறம் உள்ளது வெள்ளைத் துணிக்கு வேணாம். முக்கியமா, இது ஊறி முடிஞ்சதும் நல்லா அலசணும், புளிப்பு துணிலயே காய்ஞ்சு அதுமேல அயர்ன் பட்டா காட்டன் நூல் பலவீனமாகிடும்.

அலசினப்புறம் தொட்டுப் பாருங்க, அந்த விறைப்பு குறைஞ்சிருக்கும், நிறம் அப்படியே இருக்கலாம், பயப்படாதீங்க, நிறத்துக்கு இன்னும் வரல. இப்ப பாத்திரம் கழுவற லிக்விட் சில சொட்டு விட்டு பழைய டூத் பிரஷ்ஷால உள்பக்கத்துல இருந்து மெதுவா வட்டமா தடவிட்டு பத்து நிமிஷம் விடுங்க, அப்புறம் வெதுவெதுப்பான தண்ணில அலசுங்க. பச்சை, மஞ்சள்னு நிறம் போட்ட லிக்விடா இருந்தாலும் பயம் இல்ல, உடனே அலசினா ஒட்டாது.

கடைசியா நிறம். இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஹைட்ரஜன் பெராக்சைடு, மெடிக்கல் ஷாப்ல புண் கழுவறதுக்குக் குடுப்பாங்கல்ல அதுதான். நம்ம ஊர்ல கிடைக்கறது பெரும்பாலும் 6 சதவீதம், பாட்டில்ல 20 வால்யூம்னு போட்டிருக்கும், அதோட அதே அளவு தண்ணி கலந்துக்குங்க, 3 சதவீதமாகிடும், துணிக்கு அது போதும். அதுல ஆப்ப சோடாவக் குழைச்சு பேஸ்ட்டாக்கி கறை மேல தடவி அரை மணி, முக்கால் மணி நேரம் விடுங்க, காய விடாதீங்க, காய்ஞ்சா கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்குங்க. அப்பப்ப வேணுங்கற அளவு மட்டும் குழைங்க, மிச்சத்த பாட்டில்ல போட்டு மூடி வைக்கவே கூடாது, ஆக்சிஜன் வெளிவந்துக்கிட்டே இருக்கும், அழுத்தம் ஏறி பாட்டில் வெடிச்சிடலாம். கைல கிளவுஸ் போட்டுக்குங்க, இல்லன்னா விரல் நுனி வெள்ளையாகி எரியும். கொஞ்ச நேரத்துல சரியாகிடும், ஆனா ஏன் அந்த அவஸ்தை.

இன்னொரு வழி, வேனிஷ் மாதிரி ஆக்சிஜன் ப்ளீச் பவுடர், அதுல சோடியம் பெர்கார்பனேட் இருக்கும், தண்ணில கரைஞ்சா அதே பெராக்சைடு தான் வெளிய வரும். அரை பக்கெட் தண்ணி, கை பொறுக்கற சூட்டுல, பாக்கெட்ல போட்டிருக்கற அளவு பவுடர், வெள்ளைக் காட்டன்னா ரெண்டு மணி நேரத்துல இருந்து ஆறு மணி நேரம் வரைக்கும் ஊறலாம். இங்க சூடு வேணும், பச்சத் தண்ணில இந்தப் பவுடர் சோம்பேறித்தனமா தான் வேலை செய்யும். முதல்ல சுடுதண்ணி வேணாம்னு சொல்லிட்டு இப்ப வேணும்ங்கறேன்னு நினைக்காதீங்க, புரதம், எண்ணெய் எல்லாம் போனப்புறம் தான் சூடு வருது. நிறைய சட்டை சேர்ந்து கிடந்தா பவுடர் வழி, ஒரே சட்டைன்னா பெராக்சைடு பேஸ்ட் வழி.

அப்புறம் வழக்கம்போல துவைச்சு வெயில்ல போடுங்க. காய்ஞ்சதும் பாருங்க. ரொம்ப நாள் கறை ஒரே தடவைல போகணும்னு இல்ல, பாதி குறைஞ்சிருந்தா அது போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம், புளிப்புல இருந்து திரும்ப ஒரு சுத்து. ஆனா முழுசாப் போற வரைக்கும் அயர்ன் பண்ணாதீங்க. இதத்தான் ரொம்ப பேர் கவனிக்கறதில்ல, துவைச்சுக் காய்ஞ்ச துணிய மொத்தமா அள்ளி அயர்ன்காரர்கிட்ட குடுத்துடுவோம், கரிப்பெட்டியோட சூடு பட்டதும் மிச்சமிருக்கற கறை அப்படியே பதிஞ்சிடும். அயர்னுக்குப் போற வெள்ளைத் துணில அக்குள ஒரு தடவை பார்த்துட்டு, சந்தேகம் இருக்கறத தனியா எடுத்து வைங்க. கஞ்சி போடறதும் அப்படித்தான், கறை இருக்கற துணிக்கு கஞ்சி போட்டா கறைய உள்ள வச்சு மூடின மாதிரி ஆகிடும்.

குளோரின் ப்ளீச் வேணாம், கலக்கவே கலக்காதீங்க

வெள்ளைத் துணி மஞ்சளானா கை தானா ப்ளீச் பாட்டில் பக்கம் போகும். ஆனா குளோரின் ப்ளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள லிக்விடும், ப்ளீச்சிங் பவுடரும், இந்தக் கறைய இன்னும் மஞ்சளாக்கும், வியர்வைல இருக்கற புரதத்தோட சேர்ந்து நிறம் ஏறும். இப்ப வர்ற சட்டை, லெக்கிங்ஸ்ல எல்லாம் ஸ்பான்டெக்ஸ் கலந்திருக்கு, அது ப்ளீச் பட்டா பழுப்பாகி இழுவையும் போயிடும். பட்டு, கம்பளி ரெண்டையும் ப்ளீச் அரிச்சே தின்னுடும்.

அதவிடப் பெரிய விஷயம், தயவுசெஞ்சு இத வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க: ப்ளீச்சோட வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் ஆசிட், டாய்லெட் கழுவற ஆசிட் எதையும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு வரும், நம்ம வீட்டு பாத்ரூம் சின்னது, ஜன்னலும் சின்னது, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரி போற அளவுக்கு ஆகிடும். அமோனியா உள்ள கிளீனரோடயும் கலக்கக் கூடாது, அதுலயும் விஷ வாயு வரும். வினிகரையும் பெராக்சைடையும் ஒரே கிண்ணத்துல ஊத்தாதீங்க, நடுவுல அலசிட்டு ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா போடுங்க, சேர்ந்தா கண்ணையும் தொண்டையையும் எரிக்கற ஆசிட் ஒண்ணு உருவாகும். வினிகர்ல ஆப்ப சோடாவப் போட்டு பொங்க விடற வீடியோ நிறைய சுத்துது, அதுல ஆபத்து இல்ல, ஆனா பிரயோஜனமும் இல்ல, புளிப்பும் காரமும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு கடைசில உப்புத் தண்ணி தான் மிஞ்சும். தனித்தனியா போட்டா ரெண்டும் வேலை செய்யும்.

சொட்டு நீலத்தப் பத்தியும் ஒரு வார்த்தை. நீலம் மஞ்சள எடுக்காது, மஞ்சள் மேல நீலம் சேரும்போது கண்ணுக்கு வெள்ளையா தெரியும், அவ்வளவுதான். கறை போன துணிக்கு கடைசி அலசல்ல நீலம் போட்டா பளிச்சுன்னு இருக்கும், நானும் போடுவேன். கறை இருக்கும்போதே போட்டா அக்குள் பக்கம் திட்டுத் திட்டா பச்சை கலந்து தெரியும்.

வெயில்

நம்மகிட்ட காசே குடுக்காம கிடைக்கற ப்ளீச் வெயில் தான். ஈரமா இருக்கற வெள்ளைக் காட்டன உச்சி வெயில்ல, அக்குள் பக்கம் மேல தெரியற மாதிரி விரிச்சுப் போடுங்க, காயக் காய கொஞ்சம் தண்ணி தெளிங்க, ஈரமும் வெயிலும் சேர்ந்திருக்கற வரைக்கும் தான் வெளுக்கும். சலவைத் தொழில் செஞ்சவங்க இத தலைமுறை தலைமுறையா தெரிஞ்சு வச்சிருந்தாங்க. துணிய உவர் மண்ணுல ஊற வச்சு, வெள்ளாவிப் பானைல அடுக்கி ராத்திரி முழுக்க ஆவில வேக வச்சு, ஆத்துல அடிச்சு அலசி, மணல்ல வெயில்ல விரிப்பாங்க. உவர் மண்ணுல இருக்கறது காரம், எண்ணெய்ப் பிசுக்க அது எடுத்துடும், நிறத்த வெயில் எடுத்துடும். எந்த பாட்டிலும் பாக்கெட்டும் இல்லாத காலத்துல வேட்டி தும்பைப் பூ நிறத்துல இருந்துச்சுன்னா அது அவங்க உழைப்பும் அவங்க அறிவும். அப்ப அலுமினியக் கறை கிடையாது, அதனால புளிப்புங்கற ஒரு படி மட்டும் நமக்குக் கூடுதலா தேவைப்படுது.

கலர்த் துணிய இப்படி வெயில்ல போட்டுடாதீங்க, உள்பக்கம் திருப்பி நிழல்ல.

கலர் துணி, கருப்பு துணி

இங்க பெராக்சைடு பக்கம் போகாதீங்க, கறையோட சேர்த்து சாயமும் போயிடும், வெளிறின வட்டம் ஒண்ணு நிக்கும், அத திருப்பிக் கொண்டு வரவே முடியாது. புளிப்பும் பாத்திர லிக்விடும் போதும். முதல்ல உள்பக்கத் தையல் மடிப்புல ஒரு சொட்டு வினிகர் தண்ணி விட்டு வெள்ளைத் துணியால ஒத்திப் பாருங்க, சாயம் ஒட்டலன்னா தைரியமா ஊற வைங்க. கருப்பு டீஷர்ட்ல சாம்பல் பூத்த மாதிரி கெட்டியா ஒரு திட்டு இருக்கும், அதுவும் அலுமினியமும் மெழுகும் சேர்ந்தது தான், ஒரு மணி நேரம் சிட்ரிக் ஆசிட் தண்ணில ஊறினா நல்லாவே இளகும். கலருக்குன்னு போட்டிருக்கற ஆக்சிஜன் பவுடர் சிலது இருக்கு, அது ஓகே, ஆனா பாக்கெட்ல சொன்ன நேரத்துக்கு மேல ஊற விடாதீங்க.

கிளம்பற நேரத்துல டீஷர்ட் மாட்டும்போது ஈஷற வெள்ளைத் தடத்துக்கு தண்ணி தொட்டுத் தேய்க்காதீங்க, பரவி இன்னும் பெருசாகும். உலர்ந்த நைலான் சாக்ஸோ, சுத்தமான ஸ்பாஞ்சோ எடுத்து லேசா துடைச்சு விட்டா போயிடும். அதுவும் இல்லன்னா அதே டீஷர்ட்டோட கீழ் விளிம்ப மடிச்சு உள்பக்கத்தால தேய்ச்சாலே போதும்.

பாலியஸ்டர், ஜெர்சி, துவைச்சும் போகாத நாத்தம்

பாலியஸ்டர்ல கறை கம்மியா தெரியும், நாத்தம் தான் ஜாஸ்தி. துவைச்சு மடிச்சு வச்சிருப்பீங்க, போட்டு கொஞ்ச நேரம் நடந்ததும் பழைய வாடை கிளம்பும். பாலியஸ்டர் தண்ணிய உள்ள விடாது, எண்ணெய மட்டும் நல்லாப் பிடிச்சு வச்சுக்கும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. பெல்ஜியத்துல கெண்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க உடற்பயிற்சி முடிச்சவங்களோட காட்டன், பாலியஸ்டர் துணிகள எடுத்து மோந்து பார்க்க வச்சு 2014ல ஆராய்ச்சிக் கட்டுரை போட்டாங்க, காட்டன விட பாலியஸ்டர்ல தான் வாடை மோசம்னு வந்துச்சு, வாடைய உண்டாக்கற மைக்ரோகாக்கஸ்ங்கற பாக்டீரியா அதுல நல்லா வளருதாம்.

இதுக்கு செய்ய வேண்டியது, போட்டுக் கழட்டினதும் சுருட்டி கூடைல போடாம, பைலயே விட்டுடாம, அன்னிக்கே ஒரு அலசு. வாரத்துல ஒரு நாள் வினிகர் தண்ணில அரை மணி நேரம். என்சைம் உள்ள லிக்விட் டிடர்ஜென்ட் இதுக்கு நல்லா வேலை செய்யும். டிடர்ஜென்ட் அளவ ஏத்தினா நாத்தம் போகும்னு நினைச்சு ரெண்டு மூடி ஊத்தறாங்க, ஃப்ரன்ட் லோட் மெஷின்ல தண்ணி கம்மி, ஊத்தினது அலசாம துணிலயே தங்கி அதுவே பிசுக்காகும். வாசனை லிக்விட், அதான் கம்ஃபர்ட் மாதிரி கண்டிஷனர், இந்தத் துணிக்கு வேணவே வேணாம், நூல் மேல ஒரு படலம் போட்டு நாத்தத்த உள்ள அடைச்சு வைக்கும். ஸ்கூல் யூனிஃபார்ம் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது தான், பிள்ளைங்க வளர்ற வயசுல வியர்வை வாடைக்குப் பக்கத்து சீட்டு பசங்க ஏதாவது சொல்லி அது மனசுல தங்கிடும், அதனால இத சாதாரணமா விடாதீங்க.

பட்டு ஜாக்கெட்

இதுக்கு தான் ரொம்ப கவனம் வேணும். முகூர்த்தம்னா மண்டபத்துல கூட்டம், ஓமப் புகை, மேல பட்டு, கழுத்துல நகை, வியர்வை ஊத்தும். பட்டே ஒரு புரதம், அதனால வியர்வை உப்பு, அலுமினியம், சோப்போட காரம் எல்லாமே அத அரிக்கும், சாயமும் கெட்டியா நிக்காது. அக்குள்ல நிறம் வெளிறிப் போச்சுன்னா அது கறை இல்ல, சாயம் போனது, எத போட்டாலும் திரும்பாது. அதனால பட்டுக்கு வைத்தியத்த விட அன்னிக்கு ராத்திரி செய்யறது தான் முக்கியம்.

வீட்டுக்கு வந்து கழட்டினதும், எவ்வளவு அசதியா இருந்தாலும், ஜாக்கெட்ட உள்பக்கம் திருப்பி அக்குள்ல மட்டும் பச்சத் தண்ணில நனைச்ச வெள்ளைத் துணியால ஒத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அப்புறம் ஃபேன் காத்துல நிழல்ல காய விடுங்க. ஈரத்தோட மடிச்சு பீரோல வச்சா அடுத்த கல்யாணத்துக்கு எடுக்கும்போது வட்டமா கறை நிக்கும். துவைக்கலாம்னா பூந்திக்கொட்டைய ஊற வச்ச தண்ணி, இல்லன்னா ஈஸி மாதிரி மென்மையான லிக்விட், பச்சத் தண்ணி, சாயம் போகுதான்னு மூலைல பார்த்துட்டு. என்சைம் உள்ள டிடர்ஜென்ட் பட்டுக்கு ஆகாது, புரதத்தத் தின்னறது தான் அதோட வேலை, பட்டையும் தின்னும். ஜரிகை பக்கம் வினிகர், எலுமிச்சை எதுவும் போகக் கூடாது, கருத்துடும்.

ட்ரை கிளீனிங் குடுக்கறவங்க வியர்வை பட்ட இடத்தக் காட்டி வாயத் திறந்து சொல்லுங்க. ட்ரை கிளீனிங்ல தண்ணி இல்லாத ஒரு கரைப்பான் தான், எண்ணெய் போகும், வியர்வை உப்பு தண்ணில தான் கரையும், அதுல போகாது. சொன்னா அந்த இடத்துக்குத் தனியா பண்ணுவாங்க, சொல்லலன்னா பளபளன்னு திரும்பி வந்து கொஞ்ச நாள்ல அதே இடம் பழுப்பாகும்.

கறையே வராம இருக்க

ரோல்-ஆன ராத்திரி படுக்கும்போது போடுங்க. குளிச்சு, நல்லா துடைச்சு, தோல் காய்ஞ்சதும் மெல்லிசா. ராத்திரி வியர்வை கம்மி, அலுமினியம் உள்ள போய் உக்கார நேரம் கிடைக்கும், காலைல குளிச்சாலும் அதோட வேலை போயிடாது, தோல் மருத்துவர்களும் இதத்தான் சொல்றாங்க. காலைல அவசரத்துல தடவிட்டு உடனே சட்டை மாட்டும்போது தான் பாதி மருந்து துணிக்குப் போகுது. காலைல போட்டே ஆகணும்னா அஞ்சு நிமிஷம் ஃபேன் அடில நின்னு காய விட்டுட்டு மாட்டுங்க. நிறைய போட்டா நிறைய வேலை செய்யாது, அளவுக்கு மேல போட்டது மொத்தமும் துணில தான் போய் நிக்கும்.

சலூன்ல ஷேவிங் முடிஞ்சதும் தடவுவாங்களே படிகாரக் கல், அத அக்குளுக்குப் போட்டா அலுமினியம் கிடையாதுன்னு சொல்லி விக்கறாங்க. படிகாரமும் அலுமினிய உப்பு தான், பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். போடுங்க, தப்பில்ல, ஆனா கறை வராதுன்னு நம்பி துணிய அலசாம விடாதீங்க.

பனியன் போடறவங்க கை வச்ச பனியன் போடுங்க, கை இல்லாத பனியன் அக்குளுக்கு ஒரு உதவியும் பண்ணாது. அழுக்குக் கூடைல நாலஞ்சு நாள் சேர்த்து ஞாயித்துக்கிழமை மெஷின் போடற வீடா இருந்தா, வெள்ளைச் சட்டைய மட்டும் கழட்டின அன்னிக்கே அக்குள குழாயடில ஒரு நிமிஷம் காட்டிப் பிழிஞ்சு கொடில போட்டுடுங்க, இது ஒண்ண செஞ்சாலே மேல சொன்ன முக்கால்வாசி வேலைக்குத் தேவை வராது. திடீர்னு வியர்வை ரொம்ப ஜாஸ்தியாச்சு, ராத்திரி தூக்கத்துல நனையற அளவுக்கு வருது, இல்ல கையும் அக்குளும் குளிர்லயும் சொட்டுதுன்னா அது துணிப் பிரச்சனை இல்ல, டாக்டரப் பாருங்க, அதுக்கு சிகிச்சை இருக்கு.

எல்லாம் பண்ணியும் போகலன்னா

அக்குள் இடத்துல துணிய வெளிச்சத்துக்குக் காட்டினா ஓட்டை ஓட்டையா மெலிஞ்சு தெரியுதுன்னா நிறுத்திடுங்க, அதுக்கு மேல ஊற வச்சா கிழியும். அந்த மாதிரி ஜாக்கெட்ட டெய்லர்கிட்ட கொண்டு போனா அக்குள் துண்ட மட்டும் வெட்டி எடுத்துட்டு வேற துணி வச்சுத் தைச்சுக் குடுப்பாங்க, கையக் கீழ போட்டா வெளிய தெரியாது. இதுக்காகவே புதுசா ஜாக்கெட் தைக்கக் குடுக்கும்போது மிச்சத் துணிய கேட்டு வாங்கி வச்சுக்குங்க, லைனிங் காட்டன்ல போடச் சொல்லுங்க, அக்குள்ல மட்டும் ரெண்டு மடிப்பா. வியர்வை பேட் விக்குது, பிரஸ் பட்டன் வச்சு உள்ள மாட்டற மாதிரி கேட்டா அதையும் டெய்லரே தைச்சுக் குடுப்பாங்க, கழட்டித் துவைச்சுக்கலாம். சட்டைக்கு இந்த ஒட்டு வேலை அவ்வளவு சரியா வராது, அரைக்கை சட்டைல கண்டிப்பா தெரியும், முழுக்கை சட்டைன்னா மேல கோட்டோ ஸ்வெட்டரோ போடறவங்களுக்கு ஓகே.